கீழ்ப்பிடி

எங்கள் தெருவில் அவரைக் கிரேன் என்றுதான் கூப்பிடுவோம். வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை. இரண்டு பேர் சேர்ந்து திணறுகிற பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் சாய்த்துக்கொண்டு மாடி ஏறிவிடுவார். லாரி டிரைவர் வைத்த பேர் அது. வீட்டுச் சொந்தக்காரர்களும் அதே பேரில் விசாரிக்க ஆரம்பித்தபோது அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

அதே மனிதரால் இப்போது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தேநீரைக் குடித்து முடிக்க முடியவில்லை. உட்கார்ந்தால் இடுப்பில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். எழுந்து ஜன்னலுக்குப் போவார். நின்றால் வலது தொடை வரைக்கும் இழுக்கும். தரையில் படுப்பார். படுத்தால் திரும்ப முடியாது. மறுபடி எழுந்திருப்பார். அவர்கள் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்தவர், மேலே எந்நேரமும் யாரோ நடக்கிறார்களே, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒருநாள் கேட்டாராம்.

அந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. கிரேனின் மனைவி ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் தேய்க்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நீராவியில் நின்று போர்வைகளை மடித்துவிட்டு, விரல் நுனிகள் சுருங்கிப்போய் வீட்டுக்கு வருவாள். வந்ததும் உருளைக்கிழங்கை வேகப்போட்டு, அவருக்கு வெந்நீர்ப் பை நிரப்பி, மகளின் தலையைத் துவட்டி, ஈரத்துணியைச் சமையலறைக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்துவாள். அவர் இதையெல்லாம் பார்த்தபடி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டிருப்பார். உதவி செய்யலாம் என்று குனிந்தால், "ஐயோ குனியாதீங்க" என்று அவள் ஓடிவருவாள். அப்பா மேல ஏறக் கூடாது, அப்பா முதுகு உடைஞ்சிருக்கு என்று மகளுக்கும் சொல்லி வைத்திருந்தாள். அந்தக் குழந்தை அப்பாவைச் சுற்றிக்கொண்டுதான் போகும், ஈரத் தரையைச் சுற்றிப் போகிற மாதிரி.

இதெல்லாம் ஒரு பிரிட்ஜால் வந்தது. படியில் சாமானை இறக்கும்போது மேலே ஒருவர், கீழே ஒருவர். மேற்பிடி, கீழ்ப்பிடி என்பார்கள். பாரம் கீழே நிற்பவன் மேல்தான் வரும். அதனால் கீழ்ப்பிடி எப்போதும் கிரேன்தான். அன்று மேற்பிடியில் இருந்தவன் அவருடைய மனைவியின் தம்பி. குட்டி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், ஆள் என்னவோ கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம். பாதிப் படியில் அவன் கை விட்டுப்போனது. முழுப் பிரிட்ஜும் கிரேன் மேல் வந்தது. அவர் திரும்பி, சுவரோடு சேர்த்து அதை நிறுத்திவிட்டார். பிரிட்ஜுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவரால்தான் நிமிர முடியவில்லை.

"கை வழுக்கிடுச்சு அவனுக்கு" என்று மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு மச்சானோடு பேசவில்லை. அவன் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு வந்தபோது கதவைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் தம்பியைச் சலவைக்கூடத்து வாசலில் நின்று பார்த்துப் பேசிவிட்டு வருவாள். அவன் லாரி வேலையிலேயே இருந்தாலும் இப்போது சாமான் தூக்குவதில்லை, தட்டும் கண்ணாடியும் காகிதத்தில் சுற்றிக்கொடுக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் சொல்லவில்லை.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒருவர் எண்ணெய் போட்டு நீவினார். ஒரு இடத்தில் சிவப்பு விளக்கில் சூடு காட்டினார்கள். இன்னொரு இடத்தில் இடுப்பில் பட்டை கட்டி மெஷினில் இழுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள். செய்யும்போது சுகமாக இருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் வலியும் வந்து சேர்ந்துவிடும். ஸ்கேன் எடுத்ததில் டிஸ்க் பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பெல்ட் ஒன்று கொடுத்தார்கள். தூங்கும்போதும் அதைக் கழற்றவில்லை.

புதிதாக ஒரு பிசியோ அம்மாவிடம் மனைவிதான் அவரை இழுத்துக்கொண்டு போனாள். மருந்துக்கடைக்கு மேலே ஒரே அறை. ஏறி முடிப்பதற்குள் கிரேன் வழியெல்லாம் புலம்பினார். "முதுகு வலிக்காரனுக்கு மாடியில கடை போட்டிருக்கா பாரு."

"அவங்க காதுல விழப்போகுது."

"விழட்டும்."

பிசியோ அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தவள் அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்தாள். கிரேன் படத்தை மேசையில் வைத்தார். அவள் அதைத் தொடவில்லை.

"அதை அப்புறம் பாக்கலாம்ணா. நீங்க எப்படி உக்காருறீங்கன்னு பாக்கணும்."

"உக்காரத் தெரியாமயா இத்தனை வருஷம் இருந்தேன்?"

"இருந்தீங்க. இப்ப எப்படின்னு காட்டுங்க."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்தார். வயிற்றை எக்கினார். மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தி, உடம்பை ஒரே கட்டையாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார்.

"பச்சைத் தண்ணியில இறங்கற மாதிரி இறங்கறீங்க" என்றாள் அவள். "மூச்சு எங்க போச்சு?"

அவருக்கு அப்போதுதான் தெரிந்தது, மூச்சு விடவேயில்லை என்று.

அவள் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தாள். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினாள். காலில் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் ஏதாவது மாற்றம் உண்டா, கால் பலமில்லாமல் மடங்குகிறதா என்றெல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை. பிறகுதான் படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"டிஸ்க் பிதுங்கியிருக்கில்ல?" என்றார் கிரேன், கண்டுபிடித்தவர் மாதிரி.

"இருக்கு. தெருவுல போறவங்களைப் பிடிச்சு ஸ்கேன் எடுத்தா, வலியே இல்லாத நிறைய பேருக்கும் இது இருக்கும். தலையில நரை விழற மாதிரி, முதுகுக்குள்ளயும் விழும்."

"அப்ப நான் நடிக்கிறேங்கறீங்களா?"

"வலி நெஜம்ணா. அதுல சந்தேகமே இல்லை. ஆனா உடைஞ்சுபோன முதுகு இல்ல இது. பயந்துபோன முதுகு. அசைஞ்சா ஒடிஞ்சிடும்னு நீங்க அதை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்க. அதுவும் உங்களைப் பிடிச்சிருக்கு. கையை இப்படி மாசக்கணக்கா இறுக்கி மூடி வச்சிருந்தா கை வலிக்குமா வலிக்காதா?"

கிரேன் எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னைக்குப் பிரிட்ஜ் விழுந்ததே, அது?"

"அப்ப நல்லா சுளுக்கியிருக்கும். ஆனா அந்தக் காயம் எப்பவோ ஆறியிருக்கும்."

மனைவி அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஆறிவிட்டது என்று கேட்டால் யாருக்கும் நிம்மதி வரும். அவருக்கு வந்தது கோபம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மழையில் அவர் அவளுக்கு முன்னால் வேகமாக நடந்தார். கதவைத் திறந்ததும் வெடித்தார்.

"ஆறிடுச்சாம்! அவங்க வீட்டு முதுகு பாரு, ஆறிப்போக!"

"ஆறினா நல்லதுதானே?"

"ஆறிடுச்சுன்னா நான் இத்தனை மாசம் எதுக்குப் படுத்துக்கிடந்தேன்? சும்மாவா? உன் தம்பி பண்ணதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆயிடுச்சா?"

அவள் கையிலிருந்த குடையை மூலையில் எறிந்தாள். அது பாதி விரிந்து தண்ணீரைத் தெளித்தது.

"தம்பி, தம்பி, தம்பி. கை வழுக்கினதுக்கு இவ்வளவா? அவன் உங்ககூட எத்தனை வீடு தூக்கியிருக்கான்? நீங்க உக்காருறீங்க, எந்திரிக்கிறீங்க, படுக்கிறீங்க, நடக்கறீங்க. உங்களோட சேர்ந்து இந்த வீடே ஒரு இடத்துல உக்கார மாட்டேங்குது. நான் எங்கங்க உக்கார்றது?"

மகள் மேசைக்கு அடியில் போய்விட்டது. கிரேன் ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார்.

ஆனாலும் பிசியோ சொன்னதைச் செய்யத் தொடங்கினார். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் சேர்த்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ப்பது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கால்விரலைத் தொடக் குனிவது. தினமும் தெருவில் நடப்பது, மழையென்றால் மாடிப்படியிலாவது. பெல்ட்டை முதலில் சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கழற்றினார். கழற்றியதும் கையில் கண்ணாடிச் சாமான் இருப்பது மாதிரி நடந்தார். குனியும்போது வாய்விட்டு மூச்சை ஊதச் சொல்லியிருந்தாள். அவர் ஊதுகிற சத்தத்தைக் கேட்டு மகள் சிரித்தது, பிறகு தானும் ஊதியது.

எல்லாம் நேராக ஏறிப்போகவில்லை. ஒருநாள் பிசியோ அம்மா மணல் நிரப்பிய வாளியைத் தூக்கவைத்தாள். அவருக்குப் பழைய ஆசை வந்துவிட்டது. வீட்டில் வந்து தண்ணீர் வாளியை வைத்துக்கொண்டு, போதும் போதும் என்று மனைவி கத்துகிற வரை தூக்கினார். மறுநாள் எழுந்திருக்கவே முடியவில்லை. மனைவி சலவைக்கூடத்துக்குப் போகாமல் நேரே பிசியோவிடம் போய் நின்றாள்.

"நல்லா இருந்தவரைப் படுக்க வச்சிட்டீங்களே!"

பிசியோ அம்மா மழுப்பவில்லை. "அவசரப்பட்டது நானும்தான்மா. எவ்வளவு தூக்கலாம்னு அழுத்திச் சொல்லியிருக்கணும். வலி கூடியிருக்கு, ஆனா எதுவும் கெட்டுப்போகலை. கொஞ்சம் குறைச்சுக்கச் சொல்லுங்க. நிறுத்த வேண்டாம். நீங்களும் ஒண்ணு செய்யணும்."

"என்ன?"

"அவர் குனியும்போது ஐயோன்னு சொல்லாதீங்க."

அவள் வீட்டுக்கு வந்து, அவர் செருப்பை எடுக்கக் குனிந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மழை வலுத்த ஒரு மத்தியானம். அவளுக்கு விடுமுறை. மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கி, படுக்கையறைச் சுவர் வழியாக இறங்க ஆரம்பித்தது. சுவரை ஒட்டித்தான் இரும்பு பீரோ. அதற்குள்தான் குளிருக்கு வைத்திருந்த துணி எல்லாம். அவள் தனியாக அதை இழுத்தாள். தரையில் கிரீச்சென்று ஒரு சாண் நகர்ந்து நின்றது.

கிரேன் வாசலில் நின்று பார்த்தார். பெல்ட் ஆணியில் தொங்கியது.

"தள்ளிக்கோ" என்றார்.

"வேண்டாங்க. கீழ்க் கடைக்காரரைக் கூப்பிடறேன்."

"அந்தப் பக்கம் பிடி. தூக்க வேணாம். சாய்ச்சு, பீரோக் காலை நகர்த்திக்கலாம்."

அவர் குனிந்தார். மூச்சை ஊதினார். பீரோ சாய்ந்தது. இரண்டு பேருமாக அதைக் கட்டில் பக்கம் கொண்டுபோகும்போது, ஈரமான இரும்பில் அவள் கை வழுக்கியது. அவள் விடவில்லை. விரல்கள் விளிம்பைத் தேடித் தேடிப் பிராண்டின. ஒரு நகம் பிய்ந்தது. அப்படியும் நழுவிப்போனது. பாரம் அவர் பக்கம் வந்தது. அவர் முழங்காலை மடக்கி, தோளைக் கொடுத்து நிறுத்தி, மெல்லத் தரையில் இறக்கினார்.

இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள். அவள் அவருடைய இடுப்பையே பார்த்தாள். அவர் அவளுடைய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆகலையே?"

"வலிக்குது. ஆனா நிக்கிறேன்."

அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள். "பாத்தீங்களா? கை வழுக்கறது யாருக்கும் நடக்கும். அவனுக்கும் அப்படித்தானே நடந்திருக்கும்."

அவர் கந்தல் துணியைக் கிழித்து அவள் விரலில் சுற்றிக் கட்டினார். அதற்குப் பிறகு சாயங்காலம் வரை வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். அவள் அதை வலி என்று நினைத்தாள்.

அடுத்த நாள் காலையில், நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். லாரி எந்தத் தெருவில் நிற்கிறது என்று டிரைவரிடம் போனில் விசாரித்து வைத்திருந்தார். தூறலில் நனைந்துகொண்டே போனார். குறுகலான படிக்கட்டுள்ள பழைய கட்டடம் அது. கீழே லாரி பாதி நிறைந்து நின்றது. ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். காலியாகிக் கிடந்த மாடி வீட்டில், காகிதக் குவியலுக்கு நடுவில் குட்டி மட்டும் உட்கார்ந்து டம்ளர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் எழுந்தான். மடியிலிருந்த டம்ளர் உருண்டது, உடையவில்லை.

"மாமா... நீங்க எப்படி இவ்வளவு தூரம்?"

"நடக்கச் சொல்லியிருக்காங்க."

"முதுகு?"

"இருக்கு." அவர் காலி அறையைச் சுற்றிப் பார்த்தார். "நீ தூக்கறதில்லையா?"

அவன் தலையாட்டினான். "படியில நிக்க முடியல மாமா. கால் நடுங்குது." பிறகு கையில் இருந்த காகிதத்தைக் கசக்கிக்கொண்டே, "நான் ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். என் கை அன்னைக்கு..."

"வழுக்கலை" என்றார் கிரேன்.

அவன் நிமிர்ந்தான்.

"பிரிட்ஜுக்கு மேல உன் விரல் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதைப் பாத்துக்கிட்டுத்தான் இறங்கினேன். வழுக்கற விரல் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? உன் விரல் விரிஞ்சுது."

குட்டி சுவரில் சாய்ந்துகொண்டான். அவ்வளவு உயரமான ஆள் பாதியாகிப் போனான்.

"என்னை இழுத்துட்டுப் போயிடும்னு தோணுச்சு மாமா. வேற எதுவும் தோணல. கை தானா விட்டுடுச்சு."

"அந்தப் பக்கம் நான் இருந்தேன்டா!"

"தெரியும் மாமா."

"நான் இருந்தேன்!" குரல் காலி அறையில் மோதித் திரும்பியது. கிரேன் ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தார். நின்றார். மறுபடி நடந்தார். குட்டி அழுதுகொண்டிருந்தான், முகத்தைத் துடைக்காமல்.

"அக்காகிட்ட ஏன் வழுக்கிடுச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டான்.

"பின்னே என்ன சொல்லச் சொல்ற? அவ உன் அக்கா."

அறையின் மூலையில் எழுதுகிற மேசை ஒன்று மிச்சம் இருந்தது. மரம்தான், பெரிய பாரமில்லை. கிரேன் அதைத் தட்டிப் பார்த்தார். பிசியோ அம்மா சொல்லியிருந்த அளவுக்கு அது உட்பட்டதுதானா என்று மனதுக்குள் எடை போட்டார்.

"இதை இறக்கிடலாம். வா."

"மாமா, வேண்டாம். உங்க முதுகு..."

"உன் கால் நடுங்குதுன்னா சொல்லு. என் முதுகை எனக்குப் பாத்துக்கத் தெரியும்."

படிக்கட்டு வாசலில் கிரேன் வழக்கப்படி கீழ்ப்பக்கம் போகப் போனார். குட்டி அதற்குள் முந்திக்கொண்டு இரண்டு படி இறங்கிவிட்டான். "கீழ நான் நிக்கிறேன்" என்றான்.

கிரேன் அவனைப் பார்த்தார். பிறகு மேலே ஏறி நின்று மேசையின் விளிம்பைப் பிடித்தார்.

அத்தனை வருட வேலையில் அவர் மேற்பிடி நின்றதில்லை. கீழே நிற்கிறவனுக்குக் கண்ணுக்கு நேரே சாமான்தான் தெரியும், முதுகுக்குப் பின்னால் இருக்கும் படிகளைக் காலால்தான் தேடுவான். மேலே நின்றால் எல்லாம் தெரிகிறது. செங்குத்தாக இறங்கும் படிகள், மழைத்தண்ணீர் மினுங்கும் திருப்பம், அதற்குக் கீழே இன்னும் படிகள், அடியில் சிமெண்டுத் தரை. மேசை கீழ்நோக்கிச் சாய்ந்தது. பாரம் பெரிதில்லை. ஆனால் அது அவரைக் கூப்பிடுகிற மாதிரி முன்னால் இழுத்தது. குட்டியின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது, முகம் தெரியவில்லை. ஒரு படி. இன்னொரு படி. இடுப்பில் அந்தக் கட்டைவிரல் அழுத்தத் தொடங்கியது. கிரேன் தன் கைகளைப் பார்த்தார். விரல்கள் வெளுத்திருந்தன. அவை திறந்துகொள்ளப் பார்த்தன. அவர் சொல்லாமலே, அவரைக் கேட்காமலே.

"நில்லு" என்றார்.

"மாமா?"

"இறக்கி வை. படியிலயே சாய்ச்சு வை." மூச்சு வாங்கியது. "எனக்குப் பயமா இருக்குடா."

கீழே குட்டி மேசையின் காலைப் படியில் ஊன்றி, தோளைக் கொடுத்து முட்டு நின்றான்.

"நான் பிடிச்சிருக்கேன் மாமா. நீங்க உக்காருங்க."

கிரேன் அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். மச்சான் கீழே முட்டு நிற்க, அவர் மேலே உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்த ஆட்கள் கீழே நின்று, "என்ன கிரேன், வழியை அடைச்சுக்கிட்டு?" என்று சத்தம் போட்டார்கள். கொஞ்சம் கழித்துக் கிரேன் எழுந்தார். இரண்டு பேரும் படிக்குப் படி நிறுத்தி, மேசையை லாரியில் கொண்டுபோய் ஏற்றினார்கள்.

கிரேன் பழைய மாதிரி பாரம் தூக்கவில்லை, பிறகு எப்போதும். லாரி வேலைக்குத் திரும்பினார். தனியாள் சாகசமெல்லாம் விட்டு, எதை எப்படி இறக்குவது என்று நின்று சொல்வார், கைகொடுக்க வேண்டியதற்குக் கைகொடுப்பார். சில நாள் வலிக்கும், சில நாள் இருக்காது. அந்தப் பேர் மட்டும் மாறவில்லை.

மேசையை இறக்கிய அன்று சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்தபோது வாசலில் இரண்டு ஜோடி ஈரச் செருப்பு கிடந்தது. உள்ளே எட்டிப்பார்த்தாள். தம்பி உட்கார்ந்திருந்தான். அடுப்பைப் பற்றவைத்து முட்டையை உடைத்து ஊற்றினாள். வாணலியைப் பார்த்தபடி கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். சாப்பாடு எடுத்துவைத்ததும், "என்ன பேசினீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு மேசை தூக்கினோம்" என்றார் கிரேன்.

குட்டி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கிரேன் இரண்டு வாய் சாப்பிட்டார், இடுப்பு பிடித்தது, எழுந்தார். குட்டியும் சட்டென்று எழுந்தான். அவர் ஜன்னல் வரை போய்த் திரும்பி உட்கார்ந்தார். அவனும் உட்கார்ந்தான். இன்னும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மறுபடி எழுந்தார். அவனும் எழுந்தான். மகள் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டுத் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தானும் எழுந்து நின்றது.

"ஆளாளுக்கு நின்னா எப்படி? ஆறிப்போகுது" என்றாள் அவள்.

யாரும் உட்காரவில்லை. அவள் ஒரு நிமிடம் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் தட்டை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்து, ஜன்னலோரம் நின்று சாப்பிட ஆரம்பித்தாள்.